பேச்சுக்குத் தனி வரிசை

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நானும் என் தையல் மெஷினும். எதிர் வீட்டில் வரிசைக்காரரும் அவர் மனைவி டீச்சரும். காற்றுக்காக இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். அந்த வீட்டுச் சங்கதி எனக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. ஒட்டுக் கேட்கிறவள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மெஷின் ஓடாத நேரத்தில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வரிசைக்காரர் என்பது நான் வைத்த பெயர். மனிதருக்கு மொபைல் கம்பெனியில் வேலை. கோபுரம் ஏறுகிற வேலை இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு கோபுரத்தை நம்பியிருக்கும் நூற்றுக்கணக்கான போன்களில் எது முந்துவது, எது காத்திருப்பது என்று ஒழுங்கு வைக்கிற வேலை. அந்தப் புத்தி ஆபீசோடு நின்றால் பரவாயில்லை. ரொட்டிக் கடையில் நின்றாலும், "நீங்க ஒரே ஒரு ரொட்டிதானே, முன்னாடி வாங்க. இவர் மூட்டையா வாங்குறார், ஓரமா நிக்கட்டும்" என்று கடைக்காரருக்கு முன்னால் இவர் கடை நடத்துவார். இதற்காக அவரிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு, கும்பிட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பேச்சு திக்குகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் வீட்டிலிருந்தபடி போன். நான் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே கேட்பேன்.

"அவசரமே இல்ல. மூச்சை விடுங்க. கொஞ்சம் சும்மா இருங்க. அந்த அமைதியிலேர்ந்து வார்த்தையை மெதுவா எடுங்க. இடிச்சுத் தள்ள வேணாம், தானா வரும்."

கேட்டுக் கேட்டு எனக்கே பழகிவிட்டது. துணியைக் கொடுத்துவிட்டு மறுநாளே வந்து நிற்கிறவர்களிடம் இப்போதெல்லாம் மூச்சை விட்டுவிட்டு, கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.

அவளிடம் வருகிறவர்களில் அவள் உயிரை விட்டுப் பயிற்சி கொடுத்தது சின்னவனுக்கு. வரிசைக்காரரின் தம்பி. நகரத்தின் அந்தக் கோடியில், சந்தைக்குப் பின்னால், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கையில் வேலை சுத்தம். அவன் ஒட்டிய இரும்பில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாயில்தான் முதல் எழுத்து சிக்கிக்கொள்ளும். அது வெளியே வந்துவிட்டால் மிச்சம் கடகடவென்று வந்துவிடும்.

பட்டறைக்கு எதிரே பெயின்ட் கடையில் கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போய் வருஷமாகிறது. அவளுக்கு அவன் திக்குவது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவளுடைய அப்பா தூரத்தில் மலையடிவாரத்தில் கல் உடைக்கிற ஆலையில் மேஸ்திரி. மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "என் பொண்ணு வேணும்னா அவன் எனக்குப் போன் பண்ணி அவன் வாயால கேக்கட்டும். அண்ணன், அண்ணி, தூது எல்லாம் அதுக்கப்புறம்."

கேட்கிறவனுக்கு எது வராதோ அதையே அவர் கேட்டுவிட்டார். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

அதனால் சின்னவன் தினமும் மாலையில் பட்டறையின் பின்பக்கத்துச் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணிக்குப் போன் செய்வான். சந்தையின் கூச்சலும் பட்டறையின் இரைச்சலும் அங்கே வராது. அமைதியாக இருந்தால்தான் பயிற்சி நடக்கும் என்று டீச்சர்தான் அந்த இடத்தைச் சொல்லியிருந்தாள்.

"வணக்கம் ஐயான்னு ஆரம்பிங்க தம்பி. மூச்சை விடுங்க. சும்மா இருங்க. ம்... சொல்லுங்க."

ஸ்பீக்கரில் அவன் குரல் வரும். முதல் எழுத்து மட்டும் இருக்காது. யாரோ கத்தரித்து எடுத்ததுபோல் வார்த்தை நடுவிலிருந்து தொடங்கும்.

"முதல் எழுத்தை விழுங்கிட்டீங்க தம்பி."

"...ன்னேனே அண்ணி."

"எனக்குக் கேக்கலையே. பயந்துகிட்டு உள்ளேயே வச்சுக்கிறீங்க. மறுபடியும் சொல்லுங்க. நல்லா மூச்சை விட்டு, இன்னும் கொஞ்சம் நிதானமா."

அவன் இன்னும் நிதானமாகச் சொல்வான். இன்னும் கொஞ்சம் காணாமல் போகும். இப்படியே வாரக்கணக்கில் நடந்தது. டீச்சருக்கு எரிச்சல் வந்தாலும் காட்டமாட்டாள். போனை வைத்த பிறகு என் வீட்டுக்கு வந்து நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்க ஆரம்பித்துவிடுவாள். அதுதான் அவளுடைய எரிச்சல்.

"எல்லாருக்கும் கை குடுக்கிற வித்தை என் வீட்டுப் பிள்ளைக்குக் கை குடுக்க மாட்டேங்குதே அக்கா."

அந்த நாட்களில் ஒரு மழைச் சாயங்காலம் அவர்கள் வீட்டில் எனக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு வறுத்து முட்டை வேகவைத்திருந்தார்கள். வரிசைக்காரருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

"போன மாசம் சந்தைப் பக்கத்துக் கோபுரத்துல ஒரு மாத்தம் பண்ணினேன். சாயங்காலம் அங்க அடிதடிக் கூட்டம். எல்லாரும் படம் பாப்பான், விலை கேப்பான், பணம் அனுப்புவான். அதுக்கு நடுவுல பேச்சு அவ்வளவு சுத்தமாப் போகுது. மேலிடத்துல பாராட்டிட்டாங்க. எல்லாக் கோபுரத்துலயும் இதையே போடப் போறாங்க."

"அப்படி என்ன பண்ணினீங்க?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்தால் முட்டை தொண்டையில் இறங்காது அவருக்கு.

"மாடி மாடியா இருக்குன்னு வச்சுக்கங்க அக்கா. மேல் மாடியில இது பேச்சு, இது படம், இது செய்தின்னு அடையாளம் வச்சு அனுப்புவோம். ஒவ்வொண்ணுக்கும் தனி வரிசை. அடிமாடியில இருக்கிறவன் யாருக்கு எப்ப வழி விடணும்னு முடிவு பண்ணுவான். செய்தியில ஒரு துண்டு தொலைஞ்சா நடுமாடிக்காரன் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிடுவான். லேட்டானா என்ன, முழுசா வரணும். பேச்சு அப்படி இல்ல. ஒரு துளி தொலைஞ்சா யாரும் திரும்பக் கேக்கிறதில்ல. ஆனா லேட்டாகக் கூடாது. லேட்டா வந்தா பின்னால வர்ற பேச்சோட முட்டிக்கும். அதனால பேச்சு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னு ஒரு கெடு வச்சிருக்கோம். கெடு தாண்டினா தூக்கிப் போட்டுடணும். நான் அந்தக் கெடுவைச் சுருக்கிட்டேன்."

"ஏங்க, பேச்சைத் தூக்கிப் போட்டதுக்கா உங்களுக்குப் பாராட்டு?" என்றாள் டீச்சர்.

"கண் இமைக்கிற நேரத்துல பாதிகூட இல்லம்மா அது. எந்தக் காதும் கண்டுபிடிக்காது."

"என் காது கண்டுபிடிக்கும்."

"உன் காதுக்குப் பயந்துதான் நான் குறட்டையே விடுறதில்ல" என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம். கிழங்கு நன்றாகவே முறுகியிருந்தது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அந்த வாரமே சின்னவன் நேரில் வந்தான். நனைந்த சட்டையோடு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பயிற்சி போதும் என்றான்.

"ரெ... ரெண்டு தடவை அவருக்குப் போன் பண்ணிட்டேன் அண்ணி. நீங்க சொன்ன மாதிரியே ஒவ்வொரு வார்த்தைக்கும் நி... நிதானம் குடுத்துப் பேசினேன். யாருடா அரைகுறையாப் பேசி விளையாடுறதுன்னு வ... வச்சுட்டாரு. இனிமே முடியாது. அவகிட்ட வே... வேற மாப்பிள்ளை பாக்கச் சொல்லிடப் போறேன்."

வரிசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே நின்றார். டீச்சர் மட்டும் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வணக்கம் ஐயா சொல்லுங்க. போன்ல சொல்ற மாதிரியே."

அவன் மூச்சை விட்டான். சும்மா இருந்தான். பிறகு சொன்னான். முதல் எழுத்து வந்தது, பூனை நடந்து வருகிற மாதிரி மெதுவாக, முழுசாக. இன்னொரு வார்த்தை கேட்டாள். அதுவும் வந்தது. என் வீட்டுக்கு அனுப்பி அங்கிருந்து போனில் பேசச் சொன்னாள். அங்கிருந்தும் வந்தது.

"இங்க எல்லாம் வருது. அங்கதான் வரல" என்றாள் புருஷனைப் பார்த்து.

"சரக்கறைக்குள்ள சிக்னல் சரியா இருக்காது. நான் நாளைக்கு வந்து பாக்கிறேன்" என்றார் அவர். சத்தியமாக அவருக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் அவர் ஆபீசிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனார். டீச்சர் போனை மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பொத்தான் தைக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னவன் பேசினான். வார்த்தைக்குத் தலை இல்லை. அடுத்து அண்ணன் குரல் வந்தது.

"இப்ப என்ன கேட்டுச்சு உனக்கு?"

"முதல் எழுத்து இல்லங்க."

"நான் பக்கத்துலயே நிக்கிறேன். முழுசாச் சொன்னான். சிக்னலும் நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பாதியிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. அவர் குரல்தான்.

"ஏங்க, இப்ப உங்களுக்கும் முதல் எழுத்து இல்ல."

"இல்லையா? நான் வேணும்னே கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுப் பேசினேன்." அதே மூச்சில் அவரே கத்தினார். "ஐயோ, அது நான்தான். நான் வச்ச கெடுதான்."

வீட்டுக்கு வந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். டீச்சர் டீ கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஒருத்தர் பேச்சை நிறுத்தினா அவர் போன் அனுப்புறதையும் நிறுத்திடும். சும்மா இருக்கிறவருக்கு எதுக்கு இடம்னு அடிமாடிக்காரன் அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவான். மறுபடி வாயைத் திறந்ததும் போன் எனக்கு இடம் குடுன்னு புதுசாக் கேக்கணும். கூட்ட நேரத்துல இடம் கிடைக்கத் துளி தாமதமாகும். அதுக்குள்ள முதல் எழுத்துக்குக் கெடு முடிஞ்சிருக்கும். போனே அதைத் தூக்கிப் போட்டுடும்."

"உங்க கம்ப்யூட்டர்ல தெரியாதா?"

"கோபுரத்துக்கு வந்து தொலைஞ்சாத்தானே தெரியும்? கிளம்பவே இல்லையே. வந்தது அத்தனையும் சுத்தம். அதைப் பாத்துத்தான் கைதட்டினாங்க."

டீச்சர் அவர் எதிரில் உட்கார்ந்தாள். "கடகடன்னு பேசுறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்தி நிறுத்திப் பேசுறவனுக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் போகும். நிறுத்தி நிறுத்திப் பேசுன்னு சொல்லிக் குடுத்தது யாரு? நான். வராம போகப் போக, இன்னும் நிறுத்துன்னேன்."

"நான் தூக்கிப் போட்டேன்."

"நான் எடுத்து உங்ககிட்ட குடுத்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் எத்தனையோ புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எத்தனையோ காரியத்தைக் கெடுத்திருப்பார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு நல்ல வேலை பார்த்து, நடுவில் ஒரு பிள்ளையின் வாயை அடைத்தது இவர்களாகத்தான் இருக்கும். நான் அதைச் சொன்னேன். டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

சின்னவனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. நம்பிய பிறகு, இத்தனை நாள் நான் சொன்னது சரிதானா அண்ணி என்று மட்டும் கேட்டான். எங்கள் வீட்டிலிருந்து பேசிவிடேன் என்று அண்ணன் சொன்னதற்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நா... நாளைக்கு அவர் திரும்பக் கூப்பிட்டா? ஒவ்வொரு தடவையும் இங்க ஓ... ஓடி வர முடியுமாண்ணே? என் கடையிலேர்ந்து பேசினாத்தான் பேச்சு."

"உங்க தம்பி போனை மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளிவிட முடியாதா?" என்று நான் கேட்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

"முடியும் அக்கா. ஆனா சந்தையில திக்குறவன் இவன் ஒருத்தன்தானா? மூச்சு வாங்குறவங்க இருப்பாங்க, யோசிச்சுப் பேசுறவங்க இருப்பாங்க. கெடுவையே நீட்டணும், எல்லாருக்கும்."

மறுநாள் அவர் ஆபீசில் போய் அதைச் சொன்னார். சாயங்காலம் வந்து எங்களிடம் ஒப்பித்தார்.

"எத்தனை புகார் வந்திருக்குன்னு பெரியவர் கேட்டார். ஒண்ணுகூட இல்லன்னேன். அப்புறம் என்னன்னார். புகார் பண்ணணும்னா முதல்ல பேச முடியணுமேன்னு சொன்னேன். எல்லாக் கோபுரத்துலயும் போடுறதை நிறுத்தி வச்சுட்டார். சந்தைக் கோபுரத்துல பழையபடி மாத்த இன்னும் ரெண்டு பேர் ஒத்துக்கணும், அடுத்த வாரம் ஆகும்னார். குடுத்த பாராட்டைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்."

டீச்சர் அவருக்கு முட்டையில் பெரியதாகப் பார்த்து வைத்தாள்.

அடுத்த வாரம் வருவதற்குள் என் தையல் மெஷினின் இரும்புக் கால் விரிசல் விட்டது. வார்ப்பிரும்பு, கண்டவன் கையில் கொடுக்க முடியாது. ஒரு மூட்டைச் சட்டை பாக்கி கிடக்கிறது என்று புலம்பினேன். டீச்சரும் கூட வந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றிச் சின்னவன் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

வெயில் சாய்ந்து சந்தை கொதித்துக்கொண்டிருந்த நேரம். சின்னவன் மெஷின் காலை அடுப்பில் வைத்துச் சூடாக்கினான். விரிசலில் பொறுமையாக ஒட்டு வைத்தான். பட்டறையின் மறுகோடியில் கூட்டாளி, இரும்பைத் தேய்க்கிற கிரைண்டிங் மெஷினில் ஒரு வாசல் கேட்டுக்கு முனை மழுக்கிக்கொண்டிருந்தார். காது கிழிகிற சத்தம். அந்தச் சத்தத்தில் மேஜைமேல் இருந்த போன் அடித்ததை நான்தான் பார்த்தேன்.

"தம்பி, போன்!"

அவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் அப்பாதான். சரக்கறைக்கு ஓடலாமா என்று ஒரு பார்வை பார்த்தான். கையில் தடிமனான உறை, முன்னால் சிவந்த இரும்பு. அடித்துக்கொண்டே இருந்தது. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குனிந்தான்.

"யாரு அது? ரெண்டு தடவை போன் போட்டு விளையாடினது நீதானாமே! என் பொண்ணு சொல்றா!" ஆலையில் கத்திக் கத்திப் பழகிய குரல், கிரைண்டிங் மெஷினையும் மீறிக் கேட்டது.

"நா... நா... நா... நான்தாங்க ஐயா."

கூட்டாளி இதைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். பையன் முக்கியமான போன் பேசுகிறான் என்று மெஷினை நிறுத்தப் போனார்.

டீச்சர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. "அண்ணே, நிறுத்தாதீங்க! ஓடட்டும்!"

"போன் பேசுறான்மா!"

"அதனாலதான் சொல்றேன்! சத்தம் இருந்தாத்தான் போகும்! தேய்ங்க!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையில் கிடைத்த ஒரு இரும்புத் துண்டை எடுத்துச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. இந்த இரைச்சல் இருக்கிறவரைக்கும் அவன் போன் யாரோ பேசிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அவன் எவ்வளவு நேரம் வாயடைத்து நின்றாலும் வரிசையில் அவன் இடம் போகாது.

"அங்க என்னப்பா சத்தம்?"

"கி... கிரைண்டிங் மெஷினுங்க."

"வேலை நடக்குதா? நீ என்ன பண்ற?"

"ஒரு தை... தையல் மெஷின் காலை ஒட்டுறேன்."

"அது வார்ப்பிரும்பாச்சே. சூடு பண்ணித்தானே ஒட்டுற?"

"ஆ... ஆமாங்க. ஒட்டின பிறகு சாம்பலுக்குள்ள வச்சு மெ... மெதுவா ஆற விடணும். இல்லன்னா பக்கத்துல வி... விட்டுப்போகும்."

"ம். விட்டுப்போகும்" என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சரி, எதுக்குக் கூப்பிட்டே? சொல்லு."

சின்னவன் வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சரின் கை, மூச்சை விடு, நிதானம் என்று காட்டுவதற்காகத் தானாக உயர்ந்தது. பிறகு அவளே அதைக் கீழே இறக்கிக்கொண்டாள். கூட்டாளி பொறி பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உ... உ... உ... உங்க பொண்ணை எ... எ... எனக்குக் கட்டிக் குடுங்க ஐயா. நா... நான் நல்லாப் பாத்துக்குவேன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டதா, வைத்துவிட்டாரா என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கே... கேட்டுதுங்களா ஐயா?"

"கேட்டுது. முழுசாக் கேட்டுது." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்னிக்கே ஏன்பா இப்படிப் பேசல?"

"பே... பேசினேங்க."

"எனக்கு வந்து சேரலையே."

"ஆமாங்க. வ... வந்து சேரல."

"சரி, போகட்டும். மாசக் கடைசியில நான் வீட்டுக்கு வர்றேன். உங்க அண்ணன் அண்ணியைக் கூட்டிட்டு வா. இனிமே போன் பண்ணினா எங்க நின்னு பேசினாலும் பேசு, அவசரப்படாதே. நான் வைக்கமாட்டேன்."

போன் அணைந்தது. டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கு எதற்கு வெட்கம். சின்னவன் உறை மாட்டிய கைகளைத் தூக்கியபடி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவனாக நின்றான்.

"டேய்!" மறுகோடியிலிருந்து கூட்டாளி அலறினார். "இன்னும் தேய்க்கணுமா? கையில இரும்பே இல்லடா!"

"போ... போ... போ... போதும்ணே!" என்று சின்னவன் பட்டறை அதிரக் கத்தினான். சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவன் நின்றான்.